நாடா வெள்ளையாகவே இருந்தது

பிப்ரவரி 6

அக்கா,

உன் கடிதம் வந்தது. சௌக்கியமா, போனை ஏன் எடுப்பதில்லை என்று இரண்டே கேள்வி. ஆலையில் மெமோ கொடுத்தால்கூட இதைவிட நீளமாகக் கொடுப்பாய்.

போனில் பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சத்தத்தை உன் காதில் போட எனக்கு இஷ்டமில்லை. கடிதத்தில் இருமல் கேட்காது பார். அதனால் இனிமேல் தபால்தான்.

சௌக்கியத்துக்கு வருகிறேன். கடலோரமாக ஒரு மாடி அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலுக்குக் கதவில்லை என்று வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார். அதற்காகவே அந்த அறையை எடுத்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிற வேலை. நாள் முழுக்கக் காற்று. படகு ஏறுகிறவர்கள் என் கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. படுக்கும்போதுதான் ஞாபகம் வரும், இன்று யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மூடி மறைக்கத் தெரியாது எனக்கு. இத்தனை வருஷம் அந்த மெத்தை ஆலையில், ஐசோ என்கிற ரசாயனத்தைக் கலந்து நுரை ஊற்றுகிற மெஷினில் நின்றேன். மூச்சு கெட்டது. வேலையால் வந்த நோயா என்று மருத்துவக் குழு ஆலையைக் கேட்டது. ஆலை அதன் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டது. அந்த அதிகாரி என் கூடப்பிறந்தவள். அவள் எழுதினாள்: "காற்றில் ஐசோ மூன்று. அனுமதித்த எல்லை ஐந்து. ஆகவே இவருடைய நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை." முடிந்தது கதை. இப்போது என் ஆஸ்பத்திரிச் சீட்டில் "சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா" என்று போட்டிருக்கிறார்கள்.

சிறு வயதிலிருந்தா? குளத்தில் மூச்சடக்கி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனவன் நான். கரையில் என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "டேய், மேல வாடா" என்று கத்தியது நீதானே?

பணம் காசு எதுவும் எனக்கு வேண்டாம். உன் அறிக்கையின் கடைசி வரியை நீ அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கும் கோபம்தான் வந்தது.

காற்றை அளக்கிற அந்தப் பம்பை உன் இடுப்பில் கட்டியது யார்? நான். அதன் குழாயை உன் சட்டைக் காலரில் குத்தியது யார்? நான். "கூசுதுக்கா, சீக்கிரம் குத்து" என்று நீ நெளிந்தாய், மெஷின்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மூக்குக்குப் பக்கத்துக் காற்றைத்தான் அளக்க வேண்டும் என்று குழாயை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். சாயந்திரம் அதை ஆய்வகத்துக்கு என் கையாலேயே கொண்டுபோனேன். நூறு கோடிப் பங்கு காற்றில் மூன்று பங்கு ஐசோ. ஐந்து வரைக்கும் ஒருவர் தினமும் ஷிப்ட் முழுக்க சுவாசிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நானா வைத்தேன்? மூன்று என்று வந்ததைத் தம்பி என்பதற்காக ஏழு என்று எழுதினால், நாளைக்கு ஏழு என்று வருவதை முதலாளி என்பதற்காக மூன்று என்று எழுதச் சொல்வார்கள். அந்த எண்ணை நான் தொட மாட்டேன்.

கோபத்தை இத்தோடு நிறுத்துகிறேன்.

நீ பையைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. அப்பா அம்மா போன பிறகு நாம் இரண்டு பேர். இப்போது நான் மட்டும். ஒருத்திக்கு என்று சமைப்பது பெரிய தொல்லைடா. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சுகிறது. சாப்பிடும்போது டி.வி.யைப் போட்டுவிடுகிறேன். என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. எவராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

உன் இடத்தில் இப்போது நம் ரேடியோ நிற்கிறார். பட்டப்பெயருக்குக் குறைவில்லை. மெஷின் சத்தத்தையும் மீறி வாய் ஓயாமல் பேசுகிறார். "ஆபீசரம்மா, தம்பி எப்படி இருக்கான்?" என்று தினமும் கேட்கிறார். நான் "நல்லாருக்கான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஏப்ரலில் ஆலைக்கு விடுமுறை. வா. உன் அறையை ஒழுங்குபண்ணி வைக்கிறேன்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

எண்ணை யார் மாற்றச் சொன்னது? நான் கடைசி வரியைச் சொன்னால் நீ முதல் வரிக்குச் சண்டை போடுகிறாய்.

உன் பம்ப் வந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. விருந்தாளி வருகிற வீடு மாதிரி இருந்தது ஆலை. மின்விசிறி எல்லாம் ஓடியது. மூடிகள் எல்லாம் மூடியிருந்தன. அன்று மூன்று வந்தது என்றால், சத்தியமாக மூன்றுதான். ஆனால் அதற்கு முந்தின மழைக்காலத்தில் பீப்பாய்க் குழாய் கழன்று ஐசோ தரையில் கொட்டியதே, அன்று உன் பம்ப் எங்கே இருந்தது? உன் அலமாரியில். நான் முழங்காலில் உட்கார்ந்து மரத்தூளைப் போட்டு அள்ளினேன். கண் எரிந்தது. வாசனைகூடப் பெரிதாக இல்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். ஐசோ விஷயத்தில் எல்லாம் தலைகீழ். யானை வந்து மிதித்துவிட்டுப் போன பிறகுதான் மணி அடிக்கும். மூக்குக்குத் தெரிகிறபோது எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

அதற்குப் பிறகுதான் இருமல். வேலையில் இருக்கும்போது வராது, வீட்டுக்கு வந்து படுத்த பிறகு வரும். லீவு நாளில் குறையும். திரும்ப ஷிப்டுக்குப் போனால் பழைய குருடி கதவைத் திறடி.

இங்கே ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அவர் சொன்னார், "உங்க மூச்சுக்குழாய் சூடு கண்ட பூனை. அந்தப் பொருளை ஒரு தடவை அடையாளம் கண்டுடுச்சு. இனி அது எங்க இருந்தாலும், எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் விடாது. மத்தவங்களுக்கு எல்லை இருக்கு. உங்களுக்கு இல்ல." எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் எல்லையே இல்லாத ஆள் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

நீ கூப்பிட்டால் வராமல் இருப்பேனா? ஏப்ரல் பத்தாம் தேதி காலையில் வருகிறேன். வீம்புக்கு இங்கே தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் அலுத்துவிட்டது. நாலு நாள் தங்குவேன். சண்டையும் போடுவேன், சொல்லிவிட்டேன்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

சண்டை போடு. எதிரில் ஆள் இல்லாமல் எனக்குக் குரலே மங்கிவிட்டது.

அறையைப் பார்த்தால் உன்னுடையது என்று நம்ப மாட்டாய். தச்சரை வரச்சொல்லி உன் கட்டிலின் ஆடுகிற காலைச் சரிசெய்தேன். கட்டில், கதவு, அலமாரி மூன்றையும் இழைத்துப் பாலிஷ் போடச் சொல்லியிருக்கிறேன். ஏழாம் தேதிக்குள் முடித்துவிடுவாராம். "இது புதுசும்மா. நாத்தமே வராது, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்கிறார். முகம் பார்த்துத் தலை வாரலாம். வாருவதற்குத்தான் தலையில் முடி இல்லை உனக்கு.

பத்தாம் தேதி ஆலையும் விடுமுறைதான்.

அக்கா


ஏப்ரல் 11

உனக்கு என்னதான் நினைப்பு?

இரண்டு மாதமாகக் காத்திருந்து, விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து வைத்தால், வந்தவன் கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. வந்தாய், அறைக்குள் எட்டிப்பார்த்தாய், கட்டிலைத் தொட்டாய், பின்கட்டுக்குப் போய்க் கை கழுவினாய். திரும்பி வந்தபோது உன் முகமே வேறு. வாசலில் போய் நின்றுகொண்டாய். "உள்ள வாடா, உள்ள வந்து உக்காரு" என்று எத்தனை தடவை கூப்பிட்டேன்! தட்டை எடுத்துக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் தெருவில் ஆளைக் காணோம்.

எதிர்வீட்டு டிரைவர் சொல்கிறார், "உங்க தம்பி தெருமுனையில விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னாரும்மா. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. என்னன்னு கேட்டேன், பேச்சே வரல." காலை நேரத்தில் குடித்துவிட்டு வந்திருக்கிறாய். அக்காவைப் பார்க்க வர உனக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

அந்த வரியை அடிக்காததற்கு இதுவா பழி வாங்குகிற முறை? என் முகத்துக்கு நேரே திட்டியிருக்கலாமே. இரண்டு தட்டையும் நானே கழுவி வைத்தேன்.


ஏப்ரல் 18

அக்கா,

குடித்தேன் என்றே வைத்துக்கொள். அதுவே உனக்கு நல்லது.

அறை ரொம்ப அழகாக இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன். படகுக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் கிளம்பினேன். வேறு ஒன்றுமில்லை. நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. கொஞ்ச நாளைக்கு என்னைக் கூப்பிடாதே.

தம்பி


மே 3

தம்பி,

படகு உன் ஊரில். என் ஊரில் ஏதுடா படகு? பொய் சொல்லவும் தெரியவில்லை உனக்கு.

நேற்று பின்கட்டில் செடி வைக்க டப்பா தேடினேன். தச்சர் விட்டுப்போன இரண்டு டப்பாக்கள் குழாயடியில் கிடந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதைக் கழுவலாம் என்று எடுத்தவள், பழக்கத்தில் அதன் லேபிளைப் படித்தேன். இரண்டையும் கலந்து அடிக்கிற பாலிஷாம். கெட்டியாவதற்குச் சேர்க்கிற அந்தச் சின்ன டப்பாவில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலையில் இருக்கிற ஐசோவின் சகோதரன்தான். நீ கை கழுவப் போன இடத்தில் அதைப் பார்த்திருக்கிறாய்.

ஆலைக்குள் ஒரு பீப்பாய் வந்தால் லேபிளைப் படிக்காமல் கேட்டைத் தாண்ட விட மாட்டேன். என் வீட்டுக்குள் வந்ததைப் படிக்கவில்லை. உனக்காகச் செய்கிறோம் என்ற சந்தோஷத்தில் எதையும் பார்க்கவில்லை. அந்த அறையில் நீ மூச்சுக்குத் திணறியிருக்கிறாய், நான் அடுப்படியிலிருந்து "உள்ள வாடா, உள்ள வாடா" என்று கூப்பிட்டிருக்கிறேன்.

அதோடு போகவில்லை. இன்று ஆலையிலிருந்து டேப் மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காற்றில் ஐசோ இருந்தால் அதிலுள்ள காகித நாடா நிறம் மாறும், உனக்குத் தெரியும். தச்சரைக் கூப்பிட்டு, மீதியிருந்ததைக் கலந்து ஒரு பலகையில் அடிக்கச் சொன்னேன். நாடா சிவந்தது. மூன்று நாள் காய்ந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும். பலகையை உன் அறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

நீ ஏன் சொல்லவில்லை?

ரேடியோ இப்போது சரியாகப் பேசுவதில்லை. பாதியில் நிறுத்தி நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல ஆபீசரம்மா, சளி" என்கிறார். போன வாரம் அவர் காலரில் நானே குழாய் குத்தினேன். மூன்றுதான் வந்தது.

அக்கா


மே 12

அக்கா,

ஏன் சொல்லவில்லையா? இரண்டு காரணம்.

ஒன்று, நீ அந்தக் கட்டிலைக் காட்டிய முகம். இந்த வயசில் எனக்கு யார் கட்டில் இழைத்துப் போடுவார்கள்? "இது என்னைக் கொல்லுது" என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் வாய் திறந்தாலும் சத்தம் வராத நிலைமை.

இரண்டாவது, சொன்னால் நீ மீட்டரைக் கொண்டுவருவாய் என்று பயந்தேன். அது ஒன்றுமில்லை என்று சொல்லும். நீ அதை நம்புவாய். ஒரு தடவை பொய்யனானது போதும் அக்கா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். என் நெஞ்சைப் பிடுங்கி உன் மேஜையில் வைக்கவா முடியும்?

அன்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இனி எனக்கு வீடு என்று ஒன்று இல்லை என்று தோன்றியது. அதுதான் மூச்சுத் திணறலைவிட மோசமாக இருந்தது. டிரைவர் நல்ல மனுஷன். குடிகாரன் என்று நினைத்தும் தோளில் கை போட்டு பஸ் ஏற்றிவிட்டான்.

ரேடியோவைப் பற்றிக் கேள். ராத்திரி இருமுகிறாரா? லீவில் சரியாகி, வேலைக்கு வந்ததும் திரும்ப வருகிறதா? ஆமாம் என்றால் உன் மூன்றைத் தூக்கி ஓரமாக வை. எனக்கு எவ்வளவு நாள் "சளி" என்று ஓடியது தெரியுமா? ஆரம்பத்திலேயே அந்த இடத்தை விட்டு விலகியிருந்தால் நுரையீரல் பிழைத்திருக்கும் என்கிறார் டாக்டரம்மா. எனக்கு அது தாண்டிப்போச்சு. அவருக்கு இன்னும் நேரம் இருக்கலாம். அந்த மனுஷன் பேசாமல் இருந்தால் ஊர் தாங்காது.

தம்பி


ஜூன் 9

தம்பி,

மூன்றாம் நாள் உன் அறையைத் திறந்தேன். மீட்டரை உள்ளே ஓடவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் நாடா வெள்ளையாகவே இருந்தது. வெள்ளை வெளேரென்று. நீ வந்த அன்றும் அந்த அறை தச்சர் பாலிஷ் போட்டு மூன்றாம் நாள்தான். என் மீட்டர் பிழை சொல்லாது, அதை நான் பூ மாதிரி வைத்திருக்கிறேன். அந்த வெள்ளை நாடாவும் உண்மை. தெருமுனையில் நீ கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றதும் உண்மை. கையில் நாடாவை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுவதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

உன் கடிதம் வந்த மறுநாள் ரேடியோவின் மனைவியைப் பார்த்தேன். "ராத்திரி எல்லாம் உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாரு. லீவுல நல்லாருந்தாரு" என்றாள். நேரே போய் அவரை மெஷினிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து மருத்துவக் குழுவுக்கு எழுதினேன். நகல் இதோடு இருக்கிறது.

மேனேஜர் கூப்பிட்டார். "எல்லைக்குள்ள இருக்குன்னு நீங்கதான் எழுதினீங்க. இப்ப வேலையாலதான் நோய் வந்துச்சுன்னும் நீங்கதான் எழுதுறீங்க. எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்ல சார். நடுவுல ஒரு 'ஆகவே' போட்டேனே, அதுதான் பொய்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். போல்ட்டு நட்டு எடுத்துக்கொடுக்கிறேன். போகட்டும். ரேடியோவுக்கு வேறு வேலை கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரி எழுதிவிட்டது. பார்சல் கட்டுகிற இடத்தில் நின்று மறுபடி கத்த ஆரம்பித்திருக்கிறார். ஸ்டோர் வரைக்கும் கேட்கிறது.

கட்டில், அலமாரி எல்லாவற்றையும் தச்சர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவையும் கழற்றிவிட்டேன். "கதவில்லாம எப்படிம்மா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். உன் அறை இப்போது நான்கு சுவரும் ஒரு ஜன்னலும்தான். உனக்கு எப்போது பொறுக்கும் என்று எந்த மீட்டரும் எனக்குச் சொல்லாது. உன்னைத்தான் கேட்க வேண்டும். வா என்று கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது. வராதே என்று எழுதவும் மனசில்லை.

அக்கா


ஜூன் 17

அக்கா,

நகலைப் படகுத்துறையில் வைத்துப் பிரித்தேன். கடைசிப் படகு போய், துறையில் ஆள் இல்லை. வாய்விட்டுப் படித்தேன்.

"காற்றில் ஐசோ மூன்று. எல்லை ஐந்து. அந்த எண்கள் சரி. ஆனால் நான் அளந்தது ஒரே ஒரு நாளை. ஐசோ கொட்டிய நாளை யாரும் அளக்கவில்லை. எல்லை என்பது உடம்பு அந்தப் பொருளை இன்னும் அடையாளம் காணாதவர்களுக்கு. அடையாளம் கண்டுவிட்ட உடம்புக்கு எல்லை கிடையாது. இவருடைய நோய் எங்கள் ஆலையில், இந்த வேலையில் வந்தது. முன்பு நான் எழுதிய கடைசி வரியை அடித்துவிடவும். இவர் சிறு வயதில் மூச்சடக்கிக் குளத்தைக் கடந்தவர். நான் நேரில் பார்த்தவள்."

அந்தக் கடைசி இரண்டு வரியையும் ஆபீஸ் காகிதத்தில் எழுத உன்னால் எப்படி முடிந்தது? ஒரே மூச்சில் படிக்க வரவில்லை. நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன். பாதி நோய், பாதி நீ.

முதலில் கதவை மாட்டு. பாலிஷ் போடாத பழைய பலகை ஏதாவது அறைந்தாலும் சரி. தனியாக இருக்கிறவள் வீட்டில் அறைக்குக் கதவு வேண்டாமா? ஆபீசர் வேலை போனதும் புத்தியும் போய்விட்டதா?

இருபத்தைந்தாம் தேதி காலையில் வருகிறேன். அந்த அறைக்குள் என்னால் இனி எப்போதாவது படுக்க முடியுமா, தெரியாது. முடியாமலே போனாலும் போகட்டும். மீட்டர் ஆலை அலமாரியிலேயே இருக்கட்டும். ஆலைச் சேலையில் ஐசோ ஒட்டியிருக்கும், அதை மாற்றிவிட்டுத் தலைக்குக் குளித்துவிடு. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடு. தட்டையும் அங்கேயே கொண்டுவா. மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன்.

அடுப்படியிலிருந்து "உள்ள வாடா" என்று மட்டும் கூப்பிடாதே அக்கா. நீ வெளியே வா.

தம்பி